ஜோடி உறையும் ராமாத்தாளின் எருமையும்

ஒரு விடுகதை போடுகிறேன். நிதானமாக யோசித்துச் சொல்லுங்கள், அவசரம் இல்லை.

தோலால் கட்டின வீடு. அதற்கு ஒரே வாசல். வாசலுக்கு ஒரு மூடி, மூடிக்கு ஒரு பித்தளைப் பொத்தான். உள்ளே ஒரே ஒருவன்தான் குடியிருக்கலாம். அவன் உள்ளே படுத்திருந்தால் ஊர் உறங்கும். வெளியே வந்து வாயைத் திறந்தால் ஊர் ஓட்டம் பிடிக்கும். அது என்ன?

செருப்பு என்று சொல்ல வந்தீர்கள். செருப்புக்கு மூடி கிடையாது. பாம்பாட்டியின் பை என்று சொல்ல வந்தீர்கள். பாம்பாட்டி பித்தளைப் பொத்தானுக்கு எங்கே போவான்? சரி, நானே சொல்லிவிடுகிறேன். இடுப்பில் மாட்டிக்கொள்கிற கைத்துப்பாக்கியின் தோல் உறை.

புதுச்சத்திரத்துக்கு மேற்கே தோட்டத்து வீட்டில் குடியிருந்த சென்றாயனிடம் இதைப் போட்டிருந்தால், நீங்கள் மூச்சு விடுவதற்குள் விடை சொல்லியிருப்பான். அப்படிப்பட்ட வீடுகள் அவனிடம் ஒரு தெரு நிறைய இருந்தன. முன்கூடத்தை அந்தப் பக்கத்தில் ஆசாரம் என்பார்கள். அந்த ஆசாரத்துச் சுவர் முழுக்க ஆணி. ஆணிக்கு ஆணி ஓர் உறை. எல்லாம் பழசு. புதிது என்றால் சென்றாயன் விரலால்கூடத் தொடமாட்டான்.

உள்ளே துப்பாக்கி இருந்ததா என்று கேட்பீர்கள். ஒன்றில்கூட இல்லை. அவனுக்கு வேண்டவும் வேண்டாம். மாரியம்மன் நோன்பில் வேட்டு வைத்தால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கம்பங்காட்டுக்குள் போய் நிற்கிற ஆள் அவன். "துப்பாக்கியிலே என்ன இருக்குது? வெறும் சத்தம்" என்பான். "அதை அடக்கி வெச்சிருக்குது பாருங்க, இந்த உறை, இதுக்குத்தான் பெருமை!"

இந்தப் பித்து அவனுக்கு எப்படிப் பிடித்தது? யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் மோட்டார் பஸ்கள் கரியில் ஓட ஆரம்பிப்பதற்குக் கொஞ்சம் முந்திய காலம் அது. ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துத் துரை ஒருவருடைய மோட்டார் மழைச் சேற்றில் புதைந்து நின்றது. சென்றாயன் தன் எருதுகளைக் கட்டி இழுத்துக் கரை சேர்த்தான். துரை மோட்டாருக்குள் துழாவி, கைக்கு அகப்பட்ட ஒரு பழைய உறையை நீட்டிவிட்டுப் போனார். சென்றாயன் அதை மோந்து பார்த்தான். தோல், மெழுகு, மழை, எண்ணெய் எல்லாம் கலந்த ஒரு வாசனை. அது மூக்கில் நுழைந்து மூளையில் குடியேறிவிட்டது.

அன்று முதல் தேடல்தான். ராசிபுரத்தில் பென்ஷன் வாங்குகிற சிப்பாய் ஒருவனிடம் ஓர் உறை இருக்கிறது என்று கேள்விப்பட்டால், பருத்திக்கொட்டை மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய் மாற்றிக்கொண்டு வருவான். சேலம் அஸ்தம்பட்டியில் எந்தத் துரை சீமைக்குக் கப்பலேறினாலும், அந்தப் பங்களாச் சாமான்களை வாங்கி விற்கிற ஜான் பாஷா நேராகச் சென்றாயன் வீட்டுக்குத்தான் வண்டியை விடுவார். இது இடக்கைக்காரனுக்குத் தைத்தது, இதில் தோட்டா வைக்கச் சின்னப் பை இருக்கிறது, இந்த மூடி மழைக்காகக் காது நீண்டது என்று ஒவ்வொன்றையும் பற்றி அரை நாள் பேசுவான். கேட்க ஆள் இல்லாவிட்டால் எருமையிடம் பேசுவான். எருமை மறுத்துப் பேசாது.

மறுத்துப் பேச வீட்டில் வேறொருத்தி இருந்தாள். அவன் மனைவி ராமாத்தாள்.

தோல் காயக்கூடாது என்று தினமும் எண்ணெய் தடவுவான். ராமாத்தாள் தலைக்கு வைத்திருந்த விளக்கெண்ணெய் அதற்குப் போயிற்று. உறைகள் வயிறு ஒட்டிப் போகக்கூடாது என்று உள்ளே பஞ்சு அடைப்பான். தலையணையிலிருந்த இலவம்பஞ்சு அதற்குப் போயிற்று. தலையணை நாளுக்கு நாள் மெலிந்து கடைசியில் தோசையாகிவிட்டது.

"ஏனுங்க, தலகாணியைக் காணோமுங்களே?"

"கையிலேதானே வெச்சிருக்கறே?"

"இது தலகாணி உறைங்க. நான் தலகாணியைக் கேட்டேன்."

"உறை இருக்குதில்லே? உள்ளே இருக்கறதைப் பத்தி என்னத்துக்கு விசாரிக்கறே?"

அன்றிரவு ராமாத்தாள் தன் தலைக்கு முறத்தைக் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். அவன் தலைக்கு அம்மிக்குழவியைத் துணியில் சுற்றி வைத்தாள்.

வீட்டில் இருந்த தோலெல்லாம் எண்ணெய் குடித்துப் பளபளவென்று மின்ன, ஒரே ஒரு தோல் மட்டும் காய்ந்து, வெடித்து, கிழிந்துகொண்டிருந்தது. அது கிணற்றில் இருந்தது.

எருதுகளைச் சரிவில் ஓட்டிக் கிணற்றுத் தண்ணீரை மேலே இழுப்பதற்கு அந்தப் பக்கத்தில் கவலை என்று பெயர். தண்ணீர் மொள்ளுகிற இரும்புச் சாலின் அடியில் யானைத் துதிக்கை மாதிரி ஒரு தோல் தொங்கும். அதுதான் தும்பி. சால் மேலே வந்ததும் தண்ணீரைத் தொட்டியில் கொட்டுவது அதன் வேலை. சென்றாயன் வீட்டுத் தும்பியில் ஓட்டை, ஓட்டைக்குப் பக்கத்தில் கிழிசல், கிழிசலில் ராமாத்தாள் தைத்த கோணித் துண்டு. சால் மேலே வருவதற்குள் பாதித் தண்ணீர் ஒழுகிக் கிணற்றுக்கே திரும்பிப் போயிற்று. மிளகாய்ச் செடிகள் பகல் பத்து மணிக்கே தலையைத் தொங்கப் போட்டன. கவலை ஓட்டுகிறவனுக்கோ கவலையைப் பற்றிக் கவலையே இல்லை.

"கெணத்துத் தண்ணியக் கெணத்துக்கே எறைக்கற ஊடு இந்த ஜில்லாவிலேயே நம்முளுது ஒண்ணுதானுங்க" என்றாள் ராமாத்தாள்.

"தெச்சு உடு. பாத்துக்கலாம்."

"தெச்ச எடத்துலே தெச்சாச்சுங்க. இனித் தெக்கறதுக்குத் தோலு இல்லீங்க. செவுத்துலே இருக்கறதை ஒண்ணு எறக்குங்க, வெட்டி ஒட்டுப் போட்டுர்றேன்."

சென்றாயன் இரண்டு கையையும் விரித்துச் சுவருக்கு முன்னால் போய் நின்றுகொண்டான். "என்னை வெட்டு. என்ற தோலை உரிச்சு ஒட்டுப் போடு."

"அது ஒழுகுமுங்க" என்றாள் அவள்.

இப்படி இருக்கும்போது ஒருநாள் காலையில் ஜான் பாஷாவின் வண்டி வந்து நின்றது. எப்போதும் சாமான்களைக் கையில் தூக்கிக்கொண்டு பேசியபடியே வருகிறவர், அன்றைக்குப் பேசாமல் ஒரு சாக்கு மூட்டையைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கி வந்தார். ஆசாரத்தில் வைத்தார். வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"அண்ணே, முதல்லே உக்காருங்க. நின்னுக்கிட்டுப் பார்க்கற சாமான் இல்லை இது."

சென்றாயன் உட்கார்ந்தான். பாஷா சாக்கைப் பிரித்தார்.

உள்ளே இருந்தது ஓர் உறை அல்ல, ஜோடி உறை. அகலமான ஒரு பட்டையின் இரு முனையிலும் இரண்டு நீண்ட உறைகள். இடுப்பில் மாட்டுவது இல்லை. குதிரைச் சேணத்துக்கு முன்னால் போட்டு, வலப்பக்கம் ஒன்றும் இடப்பக்கம் ஒன்றுமாகத் தொங்கவிடுவது. நுனியில் பித்தளைப் பூண். வாய்க்கு மேலே கறுப்பாக, சடைசடையாக முடி வைத்த மூடி.

"இது... இது என்ன முடி?"

"கரடிண்ணே. அசல் கரடித்தோல். குதிரைப் படையிலே இருந்த துரையோட பாட்டனார் சாமான். இந்த ஜில்லாவிலே இன்னொண்ணு இருந்தா என் மீசையைச் சிரைச்சுக்கிறேன்."

சென்றாயன் முடியைத் தடவினான். மோந்து பார்த்தான். கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த மகள் குஞ்சம்மாள் பயந்து பயந்து பக்கத்தில் வந்தாள். அவளுக்கு அப்போதுதான் முன்பல் விழுந்திருந்தது.

"அப்பா, கரடி உள்ளே இருக்குதா?"

"இல்லே சாமி. மேலே மட்டுந்தான்."

"மீதிக் கரடி எங்கே?"

"உஷ்! அப்பா பாத்துக்கிட்டிருக்கறேன்."

பார்த்து முடிவதற்கு வெகு நேரம் ஆயிற்று. பாஷா பொறுமையாகக் காத்திருந்தார். பிறகு சொன்னார்.

"அண்ணே, உங்ககிட்டே ஒளிவுமறைவு எதுக்கு? பெங்களூரிலே ஒரு ஆளு இருக்காரு. அவரும் உங்களை மாதிரியே பழைய உறையாத் தேடிச் சேர்க்கறாரு. இதைக் கேள்விப்பட்டு ஆள்மேலே ஆள் விடறாரு. நான்தான் முதல்லே சென்றாயண்ணன் பார்க்கட்டும்னு கொண்டாந்தேன்."

சென்றாயனுக்கு நெஞ்சில் குத்திற்று. உலகத்தில் இப்படி ஒருவன் தான் மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தான். தனக்கு ஒரு பங்காளி இருக்கிறான். அவன் இந்தக் கரடியைத் தடவப் போகிறான்!

"பாயி, இது என்ற ஊட்டை உட்டு எறங்காது. என்ன வேணும், கேளுங்க."

பாஷா கட்டுத்தறிப் பக்கம் கண்ணைத் திருப்பினார். அங்கே எருமை அசைபோட்டுக்கொண்டிருந்தது. கன்று போட்டு அதிக நாள் ஆகவில்லை. மடி நிறையப் பால். "வீட்டிலே அமீனா பீவி கறவை எருமை ஒண்ணு வேணும்னு ரொம்ப நாளாக் கேட்டுக்கிட்டே இருக்கா. அதைக் குடுங்க. இதை வெச்சுக்குங்க."

"புடிச்சுக்கிட்டுப் போங்க!" என்றான் சென்றாயன்.

உள்ளே மோர் கடைகிற சத்தம் சட்டென்று நின்றது. ராமாத்தாள் கையில் வெண்ணெயோடு வெளியே வந்தாள்.

"ஏனுங்க, எதைப் புடிச்சுக்கிட்டுப் போகச் சொல்றீங்க?"

"அது... கட்டுத்தறியிலே நிக்குதே..."

"கட்டுத்தறியிலே நிக்கறது என்ற அப்பன் ஊட்டுச் சீருங்க. அதும்பட அம்மாக்காரி கல்யாணத்தன்னிக்கு என்கூட நடந்து வந்தா. நீங்க வரலே, வில்லுவண்டியிலே ஏறிக்கிட்டீங்க. அவளும் நானுந்தான் நடந்தோம்."

"எருமை வேற வாங்கிக்கலாம் புள்ளே. கரடி வாங்க முடியுமா?"

"கரடி எத்தனை படி கறக்குமுங்க?"

பாஷா வாயைத் துண்டால் மூடிக்கொண்டார். சென்றாயன் பேச்சை மாற்றினான். இது தோல் இல்லை, சரித்திரம் என்றான். வீட்டுக்கே கௌரவம் என்றான். ராமாத்தாள் வெண்ணெயைக் குஞ்சம்மாள் வாயில் வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, பாஷாவைப் பார்த்துக் கேட்டாள்.

"பாஷாண்ணா, அந்தப் பெங்களூர்க்காரருக்குப் பழைய ஒறைதானே வேணும்?"

"ஆமா தங்கச்சி."

"அப்ப இந்த ஜோடியையும் அவருக்கே குடுங்க. செவுத்துலே தொங்கறது அத்தனையும் எறக்கி வண்டியிலே போட்டுக்குங்க. பதிலுக்கு எங்க கவலைக்குக் கெட்டித் தோலா ஒரு தும்பி தெச்சுக் கொண்டாங்க. எருமை இங்கேயே நிக்கட்டும்."

பாஷா சுவரைப் பார்த்தார். எருமையைப் பார்த்தார். வியாபாரிக்கு இரண்டு பக்கமும் கதவு திறந்திருப்பது மாதிரி சந்தோஷம் வேறு இல்லை. "எனக்கு எது நடந்தாலும் சம்மதம். அடுத்த சந்தைக்கு வாரேன். அதுக்குள்ளே நீங்க ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க" என்று ஜோடி உறையை மறுபடி சாக்கில் சுற்றிக்கொண்டு போய்விட்டார். வண்டி மறையும்வரை சென்றாயன் ரோட்டில் நின்றான்.

அன்றைக்கு அவன் ஒரு தீர்மானம் செய்தான். சாதாரணத் தீர்மானம் அல்ல. கிணற்று மேட்டில் ஏறி நின்று, கிழக்கே பார்த்து, வாய்விட்டே சொன்னான்: "கரடித்தோல் என்ற ஊட்டுச் செவுத்துலே தொங்கும். இல்லாட்டி நான் சென்றாயன் இல்லை." எருதுகள் இரண்டும் திரும்பிப் பார்த்தன.

முதலில் பட்டினி கிடந்து பார்த்தான். கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். "சோறு வேண்டாம், தண்ணி வேண்டாம்." ராமாத்தாள் "சரீங்க" என்று சொல்லிவிட்டு ராகிக்களி கிண்டினாள். பச்சைப்பயறு கடைந்தாள். எருமை நெய்யை உருக்கி ஊற்றினாள். குஞ்சம்மாள் தட்டத்தை எடுத்துக்கொண்டு வந்து அப்பாவின் கட்டிலடியில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

"அப்பா, நெய் மணமா இருக்குது."

சென்றாயன் இன்னும் கொஞ்சம் சுவரை ஒட்டிப் படுத்தான்.

"அப்பா, உங்க களியையும் நானே திங்கட்டுமா? அம்மா திங்கச் சொல்லுச்சு."

சென்றாயன் எழுந்து உட்கார்ந்தான். "பண்டம் வீணாகக்கூடாது" என்று சொல்லிக்கொண்டே தட்டத்தை வாங்கினான். அத்தோடு பட்டினி முடிந்தது. தீர்மானம் முடியவில்லை.

அடுத்து மௌனம். மௌனமாக இருந்தால் ராமாத்தாள் பயந்து இறங்கி வருவாள் என்று நினைத்தான். வீடு இத்தனை அமைதியாக இருந்து வெகு நாளாயிற்று என்று அவள் பக்கத்துத் தோட்டத்துச் சின்னாயியிடம் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தது அவன் காதிலேயே விழுந்தது. மௌனமும் முடிந்தது.

சந்தை நெருங்கிக்கொண்டிருந்தது. சென்றாயனுக்குக் கண்ணை மூடினால் பெங்களூர்க்காரன் தெரிந்தான். முகம் தெரியவில்லை, கரடித்தோலைத் தடவுகிற கை மட்டும் தெரிந்தது. கவலை ஓட்டி எருதுகளைப் பின்னால் நடத்திக்கொண்டு வரும்போது அவனுக்குத் திடீரென்று அந்த யோசனை வந்தது. எருதுகள் நின்றன. அவன் நின்றான். தும்பி மட்டும் ஒழுகிக்கொண்டிருந்தது.

வீட்டில் இரண்டு பேருக்குள் ஒத்துவராத காரியம் என்றால் அந்தப் பக்கத்தில் அம்மனிடம் பூக் கேட்பார்கள். ஒரு வெள்ளைப் பூ, ஒரு சிவப்புப் பூ. இரண்டையும் தனித்தனியாக இலையில் மடித்துப் பொட்டலம் கட்டி அம்மன் காலடியில் வைத்துவிடுவார்கள். காரியத்தைச் சொல்லிக் கும்பிடுவார்கள். எதில் என்ன இருக்கிறது என்று தெரியாத குழந்தை ஒன்றை விட்டு ஒரு பொட்டலத்தை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் அம்மனுக்குச் சம்மதம். சிவப்பு வந்தால் சம்மதம் இல்லை. அதற்கு மேல் யாரும் பேசக்கூடாது.

இரண்டு பொட்டலத்திலும் வெள்ளையே இருந்தால்?

சென்றாயனுக்குச் சிரிப்பு வந்தது. ஆத்தாளை ஏமாற்றுவதாக அவன் நினைக்கவில்லை. ஆத்தாளுக்கு எத்தனையோ வேலை. அதில் ஒன்றைக் குறைத்துக் கொடுப்பதாகத்தான் நினைத்தான்.

வீட்டுக்கு வந்ததும் தொண்டையைச் செருமினான். "ராமாத்தா, நமக்குள்ளே சண்டை எதுக்கு? மாரியாத்தாகிட்டே பூக் கேட்டுருவோம். எருமையைக் குடுத்து ஜோடி உறை வாங்கறதா, உறைகளைக் குடுத்துத் தும்பி வாங்கறதா? ஆத்தா சொல்றதை நானும் கேக்கோணும், நீயும் கேக்கோணும். அப்புறம் பேச்சு மாறக்கூடாது."

அவள் மறுப்பாள், அழுவாள், அண்ணனுக்கு ஆள் அனுப்புவாள் என்று எதிர்பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் தயாராக வைத்திருந்தான். ராமாத்தாள் அரிசி புடைத்துக்கொண்டே, "சரீங்க" என்றாள்.

பதில்களெல்லாம் வீணாகிப் போயின.

"பூ... பொட்டலம் யாரு கட்டறது?" ஏதோ மழை வருமா என்று கேட்கிற மாதிரி கேட்டான்.

"நீங்களே கட்டுங்க. உங்களுக்குத்தான் ஒறை போடற வேலை நல்லா வருமே."

செவ்வாய்க்கிழமை காலை. சென்றாயன் கண் விழித்தபோது ராமாத்தாள் தலை குளித்து ஈரக் கூந்தலை முடிந்திருந்தாள். அவன் முன்னால் தட்டம் வைத்தாள். கம்பஞ்சோறு, கெட்டித் தயிர், சுண்டவைத்த அவரைக்காய்க் குழம்பு. வழக்கமாக அந்த நேரத்துக்கு ஒரு சொம்பு நீராகாரம்தான் வரும். மலை மாதிரிக் குவித்து வைத்து, "போதும்" என்றால் "இன்னுஞ் சித்தெ" என்று மேலும் வைத்தாள். இறங்கி வந்துவிட்டாள், தோற்கப் போவது தெரிந்து பணிவு வந்துவிட்டது என்று சென்றாயன் நினைத்துக்கொண்டான்.

"நீ சாப்பிடலையா?"

"எனக்குப் பசியில்லீங்க."

பாவம் என்று அவளுக்காகக் கொஞ்சம் இரக்கப்பட்டபடியே கையை நக்கினான்.

மாரியம்மன் கோயில் ரோட்டோரத்தில் இருந்தது. வாசலுக்கு இந்தப் பக்கம் ஒரு வெள்ளை அரளி, அந்தப் பக்கம் ஒரு செவ்வரளி. சென்றாயன் முன்னால் வேகமாகப் போனான். மதிலுக்குப் பின்னால் உட்கார்ந்தான். பூவரச இலையில் ஒரு வெள்ளை அரளியை வைத்து மடித்தான். வாழைநார் போட்டுக் கட்டினான். இன்னொரு இலை, இன்னொரு வெள்ளை அரளி, இன்னொரு நார். அவ்வளவு நேர்த்தி! முடிச்சுக்கூட ஒரே அளவு. எது எது என்று கட்டினவனுக்கே தெரியாது; தெரிய வேண்டியதும் இல்லை.

ராமாத்தாள் குஞ்சம்மாளைக் கையில் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பின்னால் வந்தாள். வாசலில் ஒரு நிமிஷம் நின்றாள். வெள்ளை அரளிக் கிளை ஒன்று இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. செவ்வரளிச் செடியில் கிளைக்குக் கிளை சிலந்தி வலை பின்னியிருந்தது. ஓர் இழைகூட அறுந்திருக்கவில்லை. அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு உள்ளே போனாள்.

பூசாரி சடையன் பொட்டலங்களை வாங்கி அம்மன் காலடியில் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வைத்தார். கற்பூரம் காட்டினார். செவ்வாய்க்கிழமை ஆனதால் கும்பிட வந்த நாலு பேர் வேடிக்கை பார்க்க நின்றுவிட்டார்கள்.

"ஆத்தாகிட்டே யாரு கேக்கறீங்க?"

"நான்தான்" என்று சென்றாயன் ஓர் அடி முன்னால் வந்தான்.

"வெறும் வயித்தோட வந்திருக்கறீங்களா? வெறும் வயித்தோட இருக்கறவங்கதான் கேக்கோணும்."

பூவைப் பற்றியே யோசித்தவனுக்கு அந்த வழக்கம் மறந்தே போயிருந்தது. அம்மன் சந்நிதியில் பொய் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. ஏப்பம் வந்தது. தயிர் ஏப்பம். பூசாரி அரை அடி பின்னால் நகர்ந்துகொண்டார்.

"நான் பச்சைத் தண்ணிகூடக் குடிக்கலீங்க, பூசாரி" என்றாள் ராமாத்தாள்.

"அப்ப நீயே கேளம்மா."

போகட்டும், யார் கேட்டால் என்ன என்று சென்றாயன் தைரியமாகவே நின்றான். ராமாத்தாள் முன்னால் வந்து இரண்டு கையையும் தலைக்குமேல் குவித்தாள். ரோட்டில் போகிற வண்டிக்காரனுக்கும் கேட்கிற குரலில், ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"ஆத்தா! என்ற எருமை கட்டுத்தறியிலேயே நிக்கட்டும். செவுத்துலே தொங்கற ஒறையெல்லாம் பாஷாண்ணன் வண்டியிலே ஏறட்டும். எங்க கவலைக்குப் புதுத் தும்பி வரட்டும். இது உனக்குச் சம்மதமின்னா வெள்ளைப் பூவைக் குடு. இல்லே, எருமை போயி அந்தக் கரடித்தோலுதான் ஊட்டுக்கு வரோணுமின்னா செவப்புப் பூவைக் குடு."

சென்றாயன் ஒரே எட்டில் பூசாரியிடம் போனான்.

"பூசாரி! நில்லுங்க. கேள்வி... கேள்வியைத் திருப்பிக் கேக்கோணும்."

"ஏனப்பா?"

"நானு வேற மாதிரி நெனச்சிருந்தேன். எருமையைக் குடுக்கறதுக்குத்தான் வெள்ளை..."

"எப்படிக் கேட்டா என்ன? ஆத்தாளுக்குத் தெரியாதா? ஒண்ணு வெள்ளை, ஒண்ணு செவப்பு, ரெண்டும் அவ காலடியிலேதானே இருக்குது?"

சென்றாயன் பொட்டலங்களைப் பார்த்தான். "இருக்குதுங்க."

"நீதானே கட்டினே?"

"நான்தானுங்க."

"பின்னே என்ன?"

ராமாத்தாள் திரும்பி, மிகவும் அன்பாகச் சொன்னாள்: "உங்க பக்கம் நாயம் இருந்தாச் செவப்பு வருமுங்க. பயப்படாதீங்க."

வேடிக்கை பார்த்தவர்கள் "அதானே!" என்றார்கள்.

பொட்டலங்களைப் பிடுங்கிக்கொண்டு ஓடலாமா என்று பார்த்தான். பூசாரி வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். மயக்கம் போட்டு விழலாமா என்று பார்த்தான். அத்தனை சோறு தின்றவன் மயங்கி விழுந்தால் யார் நம்புவார்கள்? உண்மையைச் சொல்லலாம். சொன்னால் அந்த நாலு பேர் பொழுது சாய்வதற்குள் நாமக்கல்வரை கொண்டு போய்ச் சேர்த்துவிடுவார்கள்.

ஒரே வழிதான் மிச்சம் இருந்தது. சென்றாயன் கண்ணை இறுக மூடிக்கொண்டு, வாழ்நாளில் முதல் தடவையாக மனம் உருகிக் கும்பிட்டான். ஆத்தா, ஒரே ஒரு பூவை மட்டும் செவப்பாக்கிப் போடு. உனக்கு இது பெரிய வேலையா?

"குஞ்சம்மா, இங்கே வா கண்ணு" என்றார் பூசாரி. "ரெண்டுலே ஒண்ணை எடு."

குஞ்சம்மாள் போய் அம்மன் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். வலது பக்கத்துப் பொட்டலத்தைப் பார்த்தாள். இடது பக்கத்துப் பொட்டலத்தைப் பார்த்தாள்.

"அப்பா, எதை எடுக்கட்டும்?"

"உனக்கு எது புடிக்குதோ அதை எடு சாமி" என்றான் சென்றாயன்.

"ரெண்டும் ஒரே மாதிரி இருக்குதே, அப்பா."

சென்றாயன் ஒரு கண்ணைத் திறந்து மனைவியைப் பார்த்தான். அவள் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். உதட்டின் ஓரம் மட்டும் கும்பிடுகிற உதடு மாதிரி இல்லை.

குஞ்சம்மாள் வலது பக்கம் கையை நீட்டினாள். பிறகு கையை இழுத்துக்கொண்டாள். விழுந்த பல்லின் இடத்தை நாக்கால் துழாவியபடி கொஞ்ச நேரம் யோசித்தாள். தப்பாக எடுத்துவிடக் கூடாதே என்று அவளுக்கு அவ்வளவு அக்கறை.

பிறகு இடது பக்கத்துப் பொட்டலத்தை எடுத்தாள்.